எஹலியகொடவில் ஒரு விண்கலம்

டெலி நாடகத்தில் சின்ன வேடம் போடுகிறவன் படும் பாட்டை, அதே பாடு படுகிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சாப்பாட்டுக்குக் கடைசியாகவும் சாவதற்கு முதலாகவும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள்.

அளவு

எஹலியகொடப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மூடிக்கிடந்த ரப்பர் ஃபேக்டரிக்குக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது. டிவிக்கு விண்வெளிப் படம். நிலாவுக்குப் போகும் கலத்தில் காற்று கசிகிறது. உள்ளே இருக்கும் இருவர் பிழைப்பார்களா என்பதுதான் கதை. கேப்டனுக்கு ஆள் இருந்தது. கூட வருகிறவராக நடிக்க வந்தவருக்குத் தொந்தியால் உடுப்பு ஏறவில்லை. நான் போய், கோயில் திருவிழா நாடகத்தில் ஊரையே அழவைத்த வசனத்தைப் பேசிக்காட்ட ஆரம்பித்தேன். டைரக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்புறம் பாப்போம். முதல்ல இது உங்களுக்கு ஏறுதான்னு பாருங்க."

அமைதி

ஏறியது. ஆனால் பின்னேரமானால் எங்கள் பக்கத்து மழை சும்மா இருக்குமா? ஃபேக்டரிக்குத் தகரக் கூரை வேறு. "எவ்வளவு பயங்கரமான அமைதி!" என்று கேப்டன் சொல்லும்போதெல்லாம் மேலே கொட்டியது. நாலாவது தடவை ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார்.

"சேர், நிலாவுக்கும் எஹலியகொட வழியாத்தான் போறோமா?"

ஹெல்மெட்

ஹெல்மெட்டைப் பின்னாலிருந்து இன்னொருவர்தான் திருகி மூடவேண்டும். உள்ளே காற்றுக்கு ஒரு குட்டி ஃபேன். "ஆக்சிஜன் முடியுது கேப்டன்" என்று நான் சொல்லும் காட்சியில் அது நின்றுபோனது. கண்ணாடி முழுக்க ஆவி. சுவரில் ஓங்கி அடித்தேன். "சூப்பர்! அப்படியே பண்ணுங்க!" என்றார் டைரக்டர். கண் இருட்டியது. இந்த வெள்ளி உடுப்போடுதான் என்னை லயத்து வீட்டுக்குத் தூக்கிப்போவார்களோ என்று நினைத்தேன்.

"மல்லிகாக்கா, மூச்சு முட்டுது!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா. படப்பிடிப்புக்குத் தேத்தண்ணி கொண்டுவருகிறவர். கதையில் மல்லிகா யாரும் இல்லையென்று அவருக்கு மட்டும் உறைத்திருக்கிறது. தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து திருகிக் கழற்றினார். நான் தரையில் உட்கார்ந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தேன். டைரக்டர் தலையில் கைவைத்துக் கத்தினார்.

"கட்! விண்வெளியில தேத்தண்ணி அக்கா எங்கேருந்துங்க வந்தாங்க?"

ஒளிபரப்பு

மல்லிகாக்கா வீட்டில்தான் லயமே கூடிப் படம் பார்த்தது. அவர் ஓடிவருவதற்கு முந்தைய நொடிவரை நான் திணறியதை அப்படியே போட்டிருந்தார்கள். எனக்கு மறுபடியும் வியர்த்தது. அன்றைக்கு ரப்பர் பால்வெட்டப் போயிருந்ததால் நடந்ததைப் பார்க்காத அக்காவின் புருஷன் என் தோளைத் தட்டினார்.

"மத்ததெல்லாம் நல்லாருக்கு தம்பி. அந்த மூச்சு முட்டுறது மட்டும் நெசம் மாதிரியே இல்ல."

இப்போது வேறொரு நாடகத்தில் பிணமாக நடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படிப் படுத்தாலும் செத்தவன் மாதிரி இல்லையென்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள்.