ஈயக் கட்டத்தில் ஒரு சைபர்

ஆய்வகத்தில் அவளுக்குப் பாட்டில் மேடம் என்று பெயர். வீட்டுக்குப் போகும்போதும் கைப்பையில் இரண்டு காலிப் பாட்டில் கிடக்கும். ஆற்றில் இறங்கித் தண்ணீர் பிடிப்பது, கருவியில் வைத்துப் பார்ப்பது, வந்த எண்களைப் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் இணையத் தரவுத்தளத்தில் ஏற்றுவது, எல்லாம் அவள் தலையில்தான். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. "நம்ம ஆத்தை உலகமே பாக்குது" என்று தக்காளிக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டாள். அவர் அதற்காக ஒரு தக்காளி கூடப் போடவில்லை.

ஈயம் பார்க்கும் கருவி மட்டும் அரதப் பழசு. கொஞ்சமாக இருந்தால் அதன் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட நாளில் கட்டத்தில் சைபர் போடுவது அங்கே வழக்கம். காலியாக விட்டால் வேலை பார்க்கவில்லையா என்று கேள்வி வருமே! அவளும் போட்டுவந்தாள்.

அந்த ஆறு அடுத்த நாட்டுக்குள் போகிறது. அங்கேதான் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள்; அவள் வீட்டுக் குழாயில் வருவதும் அந்த ஆற்றுத் தண்ணீர்தான். ஒரு நாள் போனில் தங்கைக்கு ஒரே குஷி.

"அக்கா, வடிகட்டியைக் கழட்டிட்டோம்! ஆத்துல ஈயம் சைபர்னு நெட்டுல நீ போட்டிருக்கியே, எங்க வீட்டுக்காரரு காட்டினாரு. பாப்பாவுக்குப் பால் பவுடர்கூடக் குழாய்த் தண்ணியிலதான் கலக்குறேன்."

அக்கா கத்தியேவிட்டாள்.

"மொதல்ல அதைத் திருப்பி மாட்டுடி!"

"ஏன், ஈயம் இருக்கா?"

"இருக்கா இல்லையான்னு எங்க மெஷினுக்குத் தெரியாது. தெரியாததுக்குத்தான் சைபர் போட்டேன்."

"தெரியலைன்னே போட்டிருக்கலாமேக்கா."

மறுநாள் காலையிலேயே திருத்த உட்கார்ந்தாள். ஆய்வக அதிகாரி ஓடி வந்தார். "திருத்தினாலும் பழைய எண்ணும் அங்கேயே நிக்கும்மா. பக்கத்துல உன் பேரு வேற. ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் சார். அங்க பாப்பா பால் குடிக்குது."

ஒவ்வொரு சைபருக்கும் பதிலாக, 'கருவி காணும் அளவுக்குக் கீழ்' என்று போட்டாள். அவள் பெயர் திரை முழுக்க வரிசையாக நின்றது. வெட்கமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். வடிகட்டியை மாட்டியாயிற்று. பிறகு குரல் இறங்கியது.

"இத்தனை நாள் குடிச்சதுல பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்லக்கா?"

ஆகாதுடி என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"தெரியலடி" என்றாள். "நாளைக்கே டாக்டர்கிட்டப் போய் ரத்தம் எடுத்துப் பாரு."