துண்டுக்கு அடியில் ஒரு கார்

தேவராவில் ஒரு கார் ஷோரூமில்தான் அவரைப் பார்த்தேன். மட்டாஞ்சேரி மிளகு வியாபாரி; தோளில் பெரிய துண்டு. நான் கேட்ட அதே காரைத்தான் அவரும் கேட்டார். தொண்டை வறளப் பேரம் பேசியும் எனக்கு இலவசமாகக் கிடைத்தது காருக்குள் போடும் மிதியடி மட்டும்.

அவர் பேசவேயில்லை. விற்பனையாளரின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடினார். விரலை அழுத்தி விலை சொல்வது அவர்கள் கச்சவடத்தில், அதாவது வியாபாரத்தில், வழக்கம்.

"சேட்டா, வாயால சொன்னாப் போதும்," என்று நெளிந்தான் அந்தப் பையன்.

"நாலு பேர் கேக்க விலை சொன்னா அது கச்சவடமா மோனே?"

துண்டு அசைந்தது. பையனுக்கு வியர்த்தது. மேனேஜர் ஓடிவந்து, என்ன நினைத்தாரோ, தன் கையையும் உள்ளே விட்டார். துண்டை எடுத்தபோது மூவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பேரம் முடிந்துவிட்டது.

வாசலில் மறித்துக் கேட்டேன்: "அண்ணே, எவ்வளவுக்கு முடிச்சீங்க?"

சுற்றுமுற்றும் பார்த்தார். என் கையைத் துண்டால் மூடி, மூன்று விரலை அழுத்தினார், ஒன்றை முறுக்கினார், உள்ளங்கையில் ஒரு கோடு கிழித்தார். எல்லாம் புரிந்தவன்போலத் தலையாட்டினேன்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க," என்றார்.

இன்றுவரை சொல்லவில்லை.