விசிட்டர் நோட்டில் ஒழுகாத கூரை

பழைய சர்ச்சுக் கட்டடத்தைத் திறந்து காட்டுற வேலை பார்த்தவங்களுக்கு நான் சொல்லப்போறது புரியும்: வர்றவங்க எல்லாம் கூரையை அண்ணாந்து பார்ப்பாங்க, அதுக்குக் கீழே குடியிருக்கிறவனை மட்டும் பார்க்க மாட்டாங்க.

எழுபதுகள்ல, திருத்தணிக்கு மேற்கே ஒரு மலையூர்ல, விக்டோரியா மகாராணி காலத்துல வெள்ளைக்காரங்க கட்டின சர்ச்சுக்கு நான் காவல்காரன். சர்ச்சுக்குப் பின்னால ஒட்டினாப்ல இருந்த ரூம்தான் எங்க வீடு. ரெண்டுக்கும் ஒரே ஓட்டுக் கூரை. மழை வந்தா ரெண்டும் ஒழுகும். என் சம்சாரம் ராகேலுக்கு இளைப்பு. ஈரம் பட்டா படுக்க முடியாம உட்கார்ந்துகினே கிடப்பா. கூரையை மாத்துங்கன்னு சர்ச்சுப் பொறுப்பைப் பார்த்த மெட்ராஸ் கமிட்டி செக்ரெட்டரியைக் கேட்டேன். "நீ சொன்னா யார் கேட்பாங்க? பார்க்க வர்றவங்க விசிட்டர் நோட்டுல எழுதட்டும், மேலே காட்டிச் செய்யலாம்"னாரு. அன்னிலேர்ந்து நோட்டும் கையுமா நின்னேன்.

மழையில் வந்த புரொபசர்

மெட்ராஸ் காலேஜ் புரொபசர் ஒருத்தர் கொட்டுற மழையில வந்தாரு. நாலு இடத்துல பக்கெட் வச்சிருந்தேன். அதைத் தாண்டித் தாண்டி ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தாரு. கூரையைப் பத்தி ஒரு வரி எழுதுங்க சார்னு கெஞ்சினேன். இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுதினாரு. எனக்குத் தலைகால் புரியல. என்ன சார் எழுதினீங்கன்னு கேட்டேன்.

"மழைச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே ஜெபம் பண்ண இதைவிட நல்ல இடம் கிடையாதுன்னு எழுதியிருக்கேம்பா."

பேத்தி

ஒரு வெள்ளைக்காரம்மா, இங்கே பாதிரியா இருந்த தாத்தா பேரைத் தேடி வந்தாங்க. சுவத்துல இருந்த பித்தளைப் பட்டயத்தைத் தடவி அழுதாங்க. எனக்கே மனசு இளகிப்போச்சு. சரி, இவங்க எழுதுவாங்கன்னு எங்க ரூமையும் காட்டினேன். நனைஞ்ச பாயையும் பார்த்தாங்க. ஜீப் டிரைவர்தான் ரெண்டு பேருக்கும் நடுவுல பேசினாரு. நோட்டை மூடிக் குடுத்துட்டு அவர் சொன்னது:

"ஒரு ஓடுகூட மாத்தக் கூடாதாம்பா, தாத்தா வச்ச மாதிரியே இருக்கணும்னு எழுதிட்டாங்க."

அம்மையார்குப்பத்துக்காரர்

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துட்டு, அப்படியே பஸ் ஏறி வேடிக்கை பார்க்க வந்த நெசவுக்காரர் இவர். ராகேல் மூச்சு வாங்குறதைப் பார்த்ததும் அவர் பெஞ்சாதி உள்ளே போய் முதுகைத் தடவிக் குடுத்துச்சு. மூணு வருஷத்துல எங்க ரூமுக்குள்ள தானா காலெடுத்து வச்சது அவங்க ரெண்டு பேர்தான். ஆசையா நோட்டை நீட்டினேன். அவர் கையைக் கட்டிகினாரு.

"எங்க தறிக்குழியிலயும் தண்ணி நின்னுகினுதாங்க கீது, இந்த அவஸ்தை தெரியும்; எழுத்து ஒண்ணுதாங்க எனக்கு வராது."

செக்ரெட்டரி

ஐப்பசி மழையில ராகேலை ஆஸ்பத்திரியில சேர்த்த வாரம் செக்ரெட்டரி வந்தாரு. நோட்டைப் புரட்டப் புரட்ட முகமெல்லாம் சிரிப்பு. சட்டையில ஒரு சொட்டு விழுந்துச்சு. நாற்காலியைத் தள்ளிப் போட்டுகினு மேல படிச்சாரு. ஐயா, என் பெஞ்சாதி சாகக் கிடக்குறான்னேன். அவரு நோட்டை என் கையில குடுத்தாரு.

"மூணு வருஷத்துல ஒருத்தர்கூடக் குறை சொல்லலையேப்பா, இப்படியே வச்சுக்க."

அந்த ரூமுக்கு இனி அனுப்பாதேன்னு டாக்டர் சொன்னதால, ராகேலை மணவூர்ல அவ அம்மா வீட்ல விட்டுட்டு வந்து, எல்லாரும் மெச்சின அந்த அழகை மீதி வருஷமெல்லாம் நான் ஒண்டியா காவல் காத்தேன்.