பெயர் மறைத்து வந்த பணம்

பரங்கிப்பேட்டையில் ஷரீபா மாமியிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. மீன்காரி எடையில் கை வைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டுவிடுவார். ஆனால் யாராவது ஜாபிர் பேச்சை எடுத்தால் குரல் இறங்கிவிடும். "அரபி பாஸ்போர்ட்ட புடுங்கி வச்சிக்கினான். புள்ள எப்படி வருவான்?" என்பார்.

ஜாபிர் அவருக்கு ஒரே மகன். வாப்பா ரஃபியுதீன் பார்த்த பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வளைகுடாவுக்குப் போனவன். "ஒன் காசு என் வாசப்படி ஏறக் கூடாது" என்று வாப்பா போனில் கத்தியதோடு பேச்சு நின்றது. ரஃபியுதீன் மௌத்தானபோதும் அவன் வரவில்லை. ஜனாஸா அடக்கத்துக்கு வந்த சொந்தங்கள் ஆளாளுக்கு அவனை மென்று துப்பினார்கள். அத்தனை பேரிடமும் மல்லுக்கு நின்றவர் மாமிதான். அங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பதும் உண்டு என்று ஊர் திரும்பிய யாரோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நாளடைவில் தன் மகனுக்கு நடந்ததாகவே நம்பிவிட்டார். பெற்றவளுக்கு ஏதாவது ஒன்று வேண்டுமே.

ரஃபியுதீன் உயிரோடு இருந்தபோதே மாமியின் கணக்குக்கு மாதாமாதம் பணம் வர ஆரம்பித்திருந்தது. அனுப்புபவர் பெயர் இருக்காது. 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு பச்சை டிக் மட்டும் இருக்கும். ஜாபிர் அனுப்புவதென்றால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஊர்ப் பணக்காரர் எவராவது இரக்கப்பட்டுப் போடும் ஸதகா என்றால்? அதைத் தின்ன மாமிக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. ஒரு ரூபாய்கூடத் தொடாமல், அந்த டிக்கை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்வார். அது மகனாக இருக்க வேண்டும் என்று அவர் ஏங்கிய ஏக்கம் சொல்லி மாளாது.

கடைசியில் அடுத்த வீட்டு அம்ரீனைப் பிடித்தார். சிதம்பரத்தில் படித்துவிட்டு, பிளாக்செயின் வழியே பணம் அனுப்பும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். மாமிக்குப் பணம் வருவதும் அதன் வழியாகத்தான், ஆனால் யார் அனுப்பியது என்று கம்பெனிக்கே தெரியாது என்றாள் அவள். அனுப்புபவரின் விவரம் அவர் போனைவிட்டு வெளியே வராதாம். விவரம் சரியானதுதான் என்பதற்கான அத்தாட்சி மட்டும் வருமாம். ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப் என்று பெயர் சொன்னாள். மாமி முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் பாஸ்போர்ட்டில் இருப்பதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு அனுப்பலாம், அந்த ஆள் சம்மதித்தால் ஆமா இல்லை என்று பொய் சொல்ல முடியாத பதில் வரும் என்றாள்.

வாப்பா பெயர் ரஃபியுதீன், உம்மா பெயர் ஷரீபா, பிறந்த ஊர் பரங்கிப்பேட்டை. சரிதானா? அதுதான் கேள்வி.

பதில் வராமல் நாட்கள் போயின. மாமி மீன்காரியிடம்கூடச் சண்டை போடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து ஆண்கள் திரும்பும் நேரத்தில் அம்ரீன் ஓடி வந்தாள். 'ஆமாம்' என்று வந்திருந்தது. மாமி போனை வாங்கி முத்தமிட்டார். அழுதார், சிரித்தார், அம்ரீனின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். பிறகு ஆசை ஒரு படி ஏறியது.

"பாஸ்போர்ட்டு இப்ப அவன் கையில இருக்குதா, அரபிகிட்டயே கெடக்குதா? அதையும் கேளும்மா."

சந்தோஷத்தில் அம்ரீன் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "அத கேக்கவே வேணாம் மாமி. ஒவ்வொரு தடவ அனுப்பும்போதும் பாஸ்போர்ட்ட போன்ல வச்சு காட்டணும். கையில இருந்து, தேதியும் முடியாம இருந்தாத்தான் பணம் நகரும். சட்டம் அப்படி. அந்த டிக்குக்கு அர்த்தமே…"

மாமி போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒங்க மாமா மௌத்தான மாசமும் டிக்கு வந்துச்சும்மா."

வேறு ஏதாவது கேட்டு அனுப்பட்டுமா என்று அம்ரீன் மெதுவாகக் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார் மாமி.

"வர முடியாத புள்ளைக்குக் காத்துக்கினு இருந்தேன், அது பழகிப் போச்சு. வராத புள்ளைக்கு எப்படிக் காத்துக்கினு இருக்கறதுன்னு எனக்குத் தெரியலையே."