கடைக்குள் வந்த ஸ்டூல்

சில வருடங்களுக்கு முன், கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சாக்லேட் கடையில் வேலை பார்த்தேன். காலையில் திறந்ததிலிருந்து ராத்திரி அடைக்கும்வரை நின்றபடியேதான் வியாபாரம். சீசன் நாட்களில் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஹாலில் கடைப் பெண்களுக்குக் கூட்டம் போட்டார்கள். வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று உலக நாடுகள் கூடி எப்போதோ முடிவு செய்துவிட்டன, இப்போது நம் மாநிலத்திலும் சட்டம் வந்துவிட்டது என்று வக்கீலம்மா ஒருவர் சொன்னார். எங்கோ வெளிநாட்டில் யாரோ நம் கால்வலியை நினைத்திருக்கிறார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே முதலாளியிடம் சொன்னேன். நல்ல மனுஷன், வத்தலக்குண்டுக்குப் போனபோது இரண்டு ஸ்டூல் வாங்கி வந்தார்.

என்னோடு வேலை பார்த்தவள் பக்கத்துக் கிராமமான பேத்துப்பாறைப் பெண். அப்போது மாசமாக இருந்தாள். முதல் ஆளாக அவள்தான் உட்கார்ந்தாள். அங்கேதான் வந்தது வினை. சாக்லேட் தட்டுகள் அடுக்கிய எங்கள் கவுண்டர் நெஞ்சுயரம். பின்னால் உட்கார்ந்தால் ஆள் இருப்பதே தெரியாது. வாங்க வந்தவர்கள், கடையில் ஆளில்லை என்று அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

முதலாளி திட்டவில்லை. "நான் உக்கார வேணாம்னா சொல்றேன்? யாவாரம் போகுதேம்மா, நீங்களே பாத்துக்கங்க" என்றார். கவுண்டரைத் தாழ்த்தலாமே என்றதற்கு, சீசன் முடியட்டும் என்றார். நாங்களாகவே எழுந்து நின்றுகொண்டோம். ஸ்டூல்களின் மேல் அட்டைப்பெட்டிகள் ஏறின.

ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். ஸ்டூலைப் பார்த்தார். உட்கார விடுகிறார்களா என்று கேட்டார். விடுகிறார்கள் என்றோம். அது பொய்யும் இல்லை. அவர் திருப்தியாகக் கிளம்பிப் போனார்.

மே மாத சீசன் நெரிசலில் ஒரு மத்தியானம் அவள், "அக்கா, இடுப்பு விட்டுப்போற மாதிரி இருக்கு, செத்த பாத்துக்கங்க" என்றபடி கவுண்டரைப் பிடித்துக்கொண்டே சரிந்தாள். பெட்டிகளைத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தேன். அதற்குள் சேலை நனைந்திருந்தது. குழந்தை தக்கவில்லை. நின்றதுதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றார். யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தச் சட்டம் வந்தது நெசந்தானாக்கா?"

நிஜம்தான் என்றேன். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புதுச் சட்டம் வந்திருப்பதாக இன்றும் செய்தியில் சொல்லும்போது வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு மட்டும் அந்தக் கவுண்டரின் உயரம்தான் நினைவுக்கு வருகிறது.