மிஸ் டார்விக்கும் வெளிப்பக்கம் திறக்கும் கதவும்

மிஸ் டார்விக் கோபம் வந்தால் கத்தமாட்டார். "சரி, இதை யாருக்குச் செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்பார். மின்னசோட்டாவில் எங்கள் பள்ளியில், ஊர்க்காரர்களுக்குத் தேவையானதை மாணவர்களே வடிவமைத்துச் செய்யும் வகுப்பு அவருடையது. பல வருடங்களாக அதே கேள்வியைக் கேட்டுச் சலித்துப்போயிருந்தார். முந்தைய குழு கை நடுங்கும் ஒருவருக்குச் செய்த கரண்டியில் பள்ளிச் சின்னம் அழகாக இருந்தது. சூப்தான் நிற்கவில்லை.

எங்கள் குழுவுக்கு வந்தவர் சக்கர நாற்காலியில் வாழும் மிசஸ் மாக்கி. வாசலில் படிகள். வெளியே போக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்க வேண்டும். "உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி தூக்குறாங்க" என்று எரிந்துவிழுவார். குளிர்காலத்தில் மண் உறைவதற்குள் அவருக்குச் சரிவுப்பாதை வேண்டும். உறைந்தால் பாதையைத் தாங்கும் தூணுக்குக் குழி தோண்ட முடியாது. வசந்தம் வரை அவர் உள்ளேதான்.

"முதல்ல அவங்க வீட்டுக்குப் போய், அந்த நாற்காலியில உக்காந்து பாருங்க" என்று மிஸ் டார்விக் வாரக்கணக்கில் சொன்னார். நாங்கள் படிகளின் உயரத்தை மட்டும் அளந்துவந்து கணினியில் வரைந்துகொண்டிருந்தோம்.

பாதையைப் பொருத்திய அன்று தலைமையாசிரியர் கேமராவோடு வந்தார். மிசஸ் மாக்கி கீழிருந்து தானே ஏறிக் கதவருகே போனார். குளிர்காற்றைத் தடுக்க எங்கள் ஊர் வீடுகளில் இருக்கும் இரண்டாவது கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும். இழுத்தார், கதவு நாற்காலியில் இடித்தது. பின்னால் நகர்ந்தால் சரிவு. கதவுக்கு முன் சமதளம் விடவே இல்லை நாங்கள்.

"கதவைத் திறக்க நான் ரோடு வரைக்கும் உருளணும்போல" என்றார் மிசஸ் மாக்கி.

"கதவைக் கழட்டிடலாமா மிஸ்?" என்றான் எங்கள் குழுவிலிருந்த டெவின்.

"கழட்டு. ஜனவரி முழுக்க அந்த இடத்துல நீ நில்லு."

"ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கலாமே, க்வென்?" என்று மிஸ் டார்விக்கைப் பெயர் சொல்லிக் கேட்டார் தலைமையாசிரியர்.

"அவங்க தானா உள்ள போகட்டும். அப்புறம் எடுங்க."

பிறகு மிஸ் டார்விக் எங்கள் ஒவ்வொருவரையும் அந்த நாற்காலியில் உட்காரவைத்துக் கதவைத் திறக்கச் சொன்னார். ஒருவராலும் முடியவில்லை. அன்றே பாதையின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தோம்.

மறுவாரம் மேல்மண் இறுகியிருந்தது. கடப்பாரையால் உடைத்துக் குழி எடுத்தோம். "அளந்தியா? இன்னொரு தடவை அள" என்று மிஸ் டார்விக் பொருமிக்கொண்டே இருந்தார். கதவுக்கு முன் அகலமான மேடை அமைத்து, பாதையை அதிலிருந்து இறக்கினோம்.

மிசஸ் மாக்கி தனியாக வெளியே வந்தார், கதவைச் சாத்தினார், இறங்கித் தெருவில் திரும்பினார்.

"எங்க போறீங்க?" என்று கத்தினான் டெவின்.

"எங்கயோ போறேன். உனக்கென்ன?"

பின்னால் ஓடப்போனவனின் சட்டையை மிஸ் டார்விக் பிடித்து நிறுத்தினார். "உன்னைக் கூப்பிட்டாங்களா? பேசாம நில்லு."