வாரம் ஒரு திரை

சித்தியவான் பக்கத்து ரப்பர் ஆலையில் நாங்கள் வைத்த கம்ப்யூட்டரை, வைத்த வாரத்திலேயே துணி போட்டு மூடிவிட்டார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவின் ஈப்போ நகரில், ஒரு தோட்டக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் புரோகிராமர். என்னென்ன வேண்டும் என்று ஸ்பெசிஃபிகேஷன் எழுதி, ஆலை மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, மாதக்கணக்கில் கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய சிஸ்டம் அது. ரப்பர் பால் கொண்டுவரும் ஒரு லாரியின் விவரத்தை முழுக்க முடித்தால்தான் அடுத்த லாரிக்குத் திரை வழிவிடும். ஆலையிலோ காலையில் எல்லா லாரியும் ஒன்றாக வந்து நிற்கும். அதை நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

என் அதிகாரி லிம், இனி அங்கேயே உட்கார்ந்து பார்த்துத் திருத்து என்றார். பயன்படுத்துகிறவர் பக்கத்திலேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தும் அந்த முறைக்கு அப்போது அஜைல் என்ற பெயரெல்லாம் இல்லை. ஆலையில் பார்த்ததை ஈப்போவில் திருத்தி, பிளாப்பியில் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை பஸ் ஏறுவேன். சீக்கிரமே லாரிகள் தேங்குவது நின்றது. மேனேஜருக்கு உற்சாகம் பிறந்து, வாரந்தோறும் புதிதாக ஒன்று கேட்டார். நானும் சந்தோஷமாகச் செய்துகொடுத்தேன்.

லாரி விவரங்களைக் கம்ப்யூட்டரில் தட்டுபவர் லெட்சுமி அக்கா. தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்தவர், இரவுப் பள்ளியில் படித்து இந்த நாற்காலிக்கு வந்திருந்தார். அவர் வேகம் குறைந்துகொண்டே போனது. பட்டணத்திலிருந்து டைப்பிஸ்ட் ஒருத்தியை எடுத்துக்கொண்டு, இவரை மறுபடி பால்மரம் வெட்ட அனுப்பப்போவதாக மேனேஜர் என்னிடம் சொன்னார்.

அன்று கோப்பி குடிக்கும்போது அக்காவே பேச்சை எடுத்தார்.

"தங்கச்சி, நீ நல்லதுக்குத்தான் செய்யுற. ஆனா கை பழகுறதுக்குள்ள எடத்த மாத்திடுறலா. நேத்து எடை போட்ட எடத்துல இன்னைக்கு லாரி நம்பர் கேக்குது. எனக்குப் பயமா இருக்கு."

நான் மேனேஜரிடம் போய், பால்வரத்து குறையும் மழைக்காலம் வரும்வரை அந்தத் திரையைத் தொடமாட்டேன் என்றேன். அவர் கோபத்தோடு லிம்முக்குப் போன் போட்டார். லிம் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: அந்தத் திரையில் தினமும் வேலை செய்வது மேனேஜரா, அந்த அம்மாவா? அந்த அம்மாதான் என்றேன். அப்படியானால் திரையை மாற்றாமல் அப்படியே விட்டுவிடு என்றார்.

மழை தொடங்குவதற்குள், டிரைவர்களிடம் கதை பேசியபடியே, கீபோர்டைப் பார்க்காமல் தட்டினார் அக்கா. டைப்பிஸ்ட் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அவரே சொன்னார்: "இப்ப மாத்தலாம்லா, தங்கச்சி. கை ரெடி."

பால் வாடையும் கீபோர்டுச் சத்தமும் கலந்த அந்தக் காலைகளை இன்றும் நினைத்துக்கொள்வேன். அஜைல் உதவியா, தொல்லையா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். பயன்படுத்துகிறவரிடம் அடிக்கடி போங்கள், கட்டாயம் உதவும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.